ரெண்டு காதுக்காரர்

பேச்சுவாக்கில் ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துவிட்டீர்களா, போச்சு. "அது மோனோல்ல?" என்று கேட்டபடி ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால், அவர்தான் நம்மவர். வங்கியிலோ மின்வாரியத்திலோ ஓய்வு பெற்று, வந்த பணத்தில் ஒரு பகுதியை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கரைத்தவர். நங்கநல்லூரில் ஒருவர் இருந்தால், கோவை சாயிபாபா காலனியில் இன்னொருவர் இருப்பார். தமிழ்ப் பாட்டில் ஸ்டீரியோவுக்குப் பிள்ளையார் சுழி போட்டதாக எல்லோரும் சொல்லும் 'ப்ரியா' வந்தது 1978இல். அதற்கு முந்தைய, இரண்டு காதுக்கும் ஒரே ஒலியைத் தரும் மோனோ பாட்டெல்லாம் தன் கையால் மோட்சம் பெறக் காத்திருப்பதாக அவருக்கு நினைப்பு.

மகன் வெளிநாடு போனதும் காலியான அறைதான் ஸ்டுடியோ. சுவர் முழுக்க முட்டை அட்டை. முட்டை அட்டையால் வெளிச் சத்தத்தை நிறுத்த முடியாது. அறையின் எதிரொலியை வேண்டுமானால் ஏதோ கொஞ்சம் குறைக்கும். உண்மையில் வேலை செய்வது மூலையில் குவிந்திருக்கும் பழைய மெத்தையும் போர்வையும்தான். ஆனால் வந்தவர்களுக்கு மெத்தையைக் காட்டினால் ஸ்டுடியோ என்று யார் நம்புவார்கள்? முட்டை தொடாத குடும்பம் என்பதால், அட்டைகளைக் கடையில் சொல்லிவைத்து வாங்கி, இருட்டிய பிறகே வீட்டுக்குள் கொண்டுவந்தார்.

ரெக்கார்டிங் நேரம் வீட்டுக்கு ஊரடங்கு. மின்விசிறி நிற்கும். ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்குவார். திருப்பிச் செருக மறப்பார். மறுநாள் பால் திரியும்.

"அந்தக் குக்கரைக் கொஞ்சம் நிறுத்தேன். விசில் வலது பக்கம் விழுந்துடுச்சு."

"முதல் ரெண்டு விசில் இடது பக்கம் விழுந்தப்ப சும்மாத்தானே இருந்தீங்க?"

இப்படி மடக்கப்படும்போதெல்லாம் அவர் துணைக்கு அழைப்பது ஆலன் ப்ளம்லைனை. 1931இல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த ஆங்கிலப் பொறியாளர். சினிமாவில் நடிகர் திரையின் ஓர் ஓரத்தில் நிற்க, குரல் வேறு பக்கத்திலிருந்து வருகிறதே என்று யோசித்தவர்.

"அதை அவர் தியேட்டர்ல முதல்ல சொன்னதே, பின்னாடி பொண்டாட்டியா வந்தவங்ககிட்டதான், தெரியுமா?"

"அந்தம்மா அடுப்பை அணைச்சுட்டு சினிமாவுக்குப் போயிருப்பாங்க. நிம்மதியாக் கேட்டிருப்பாங்க."

இனி, தையல் வேலை. கண்டென்சர் மைக்கைப் பொருத்தி, அதற்கு மின்சாரம் ஊட்டும் 48 வோல்ட் ஃபேன்டம் பவரைத் தட்டி, அவரே பாடுவார். ஒரே மைக், ஆகவே கிடைப்பது ஒரே மோனோ ஃபைல். அதை ஒரு நகல் எடுத்து, ஒன்றுக்கு 'இடது', மற்றதற்கு 'வலது' என்று பெயர் சூட்டுவார். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, மேல் ட்ராக்கின் மெனுவைத் திறந்து, இரண்டையும் ஸ்டீரியோ ட்ராக் ஆக்கும் கட்டளையை அழுத்துவார். மேலே இருந்தது இடது காதுக்கு, கீழே இருந்தது வலது காதுக்கு. ஹெட்ஃபோனை மாட்டுவார். கண்ணை மூடுவார். "அடடா, மியூசிக் அகாடமி மாதிரி விரியுது!" என்பார்.

விரியவில்லை. இரண்டு காதுக்கும் அச்சு அசலாக ஒரே ஒலி போனால், மூளை அதை நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்திவிடும். விரிந்தது ஃபைல் மட்டும்தான்: சிடி தரத்தில் நிமிடத்துக்கு 5 எம்பி இருந்தது 10 எம்பி ஆகியிருக்கும். இடது காதுக்கும் வலது காதுக்கும் போகும் சேதியில் நேரத்திலோ அளவிலோ வித்தியாசம் இருந்தால்தான் அகலம் பிறக்கும். ஒரே ஆளை இரண்டு முறை கையெழுத்துப் போட வைத்துவிட்டு, இரண்டு சாட்சி கிடைத்தது என்று சொல்ல முடியுமா? முறைப்படி இன்னொரு மைக் வேண்டும். அதற்கு வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை.

ஆகவே வித்தையில் இறங்கினார். முதலில் வலது பக்கத்தை 20 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தினார். மிகச் சிறிய தாமதத்தில் வரும் இரண்டாவது ஒலியைக் காது தனியாகக் கேட்காது, முந்தி வந்த பக்கத்திலிருந்தே எல்லாம் வருவதாக எடுத்துக்கொள்ளும் என்று ஜெர்மனியின் ஹெல்முட் ஹாஸ் 1949லேயே ஆராய்ந்து வைத்திருக்கிறார். விளைவு: நம்மவர் குரல் இடது ஸ்பீக்கர் மேல் சாய்ந்து நின்றுகொண்டு பாடியது. அடுத்து, பேஸை ஒரு பக்கமும் ட்ரெபிளை மறுபக்கமும் ஒதுக்கிப் பார்த்தார். 1960களில் அமெரிக்காவின் கேப்பிடல் நிறுவனம் மோனோ பாட்டுகளை இப்படித்தான் பிரித்து, 'டுவோஃபோனிக்' என்று பெயரிட்டு இசைத்தட்டு விற்றது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலில் பூர்வீகச் சொத்து பற்றிப் பேசும் கம்பீரம் வந்துவிடும்.

பிறகொரு நாள் 'இன்வெர்ட்' கண்ணில் பட்டது. அலையின் மேட்டைப் பள்ளமாகவும் பள்ளத்தை மேடாகவும் திருப்பிப்போடும் கட்டளை. தன் குரலின் வலது பக்கத்தை மட்டும் அப்படித் திருப்பினார். ஹெட்ஃபோனில் குரல் தலையை விட்டு வெளியேறி, இரண்டு தோளுக்கும் அப்பால் போய் நின்றது. நெஞ்சு விம்ம, கீபோர்டும் எலக்ட்ரானிக் தம்பூராவும் சேர்த்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாட்டை ஏற்றினார்.

குழுவில் யாரும் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கிற ஜாதி இல்லை. அரிசி களையும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும், பக்கத்தில் கிடக்கும் பழைய மொபைலின் ஒற்றை ஸ்பீக்கரில் கேட்பவர்கள். ஒற்றை ஸ்பீக்கர் இடதையும் வலதையும் கூட்டித்தான் பாடும். மேடும் பள்ளமும் கூடினால் மிச்சம் பூஜ்யம். குரல் சுத்தமாகக் காணாமல் போய், கீபோர்டும் தம்பூராவும் மட்டும் கணீரென்று ஒலித்தன.

பாராட்டு குவிந்தது. "இப்பதான் கேக்க நல்லா இருக்கு" என்றார் பெரியம்மா. "அத்தான், கரோக்கி பிரமாதம்! ரொம்ப நாளா உங்ககிட்ட இதைத்தான் எதிர்பார்த்தேன்" என்று எழுதிய மச்சினன், அதன்மேல் தானே பாடி, சுடச்சுடக் குழுவில் போட்டுவிட்டான். அதற்குக் கைதட்டல் பொம்மைகள் வரிசை கட்டின.

நம்மவர் அதை ஹெட்ஃபோனில் முழுசாகக் கேட்டார். முகத்தில் வருத்தம் துளியும் இல்லை, இரக்கம்தான் இருந்தது.

"குரல் பரவாயில்லை. ஆனா பாவம், நடுவுலயே நிக்கறான். ஃபைலை அனுப்பச் சொல்லு, ரெண்டு பக்கமும் விரிச்சுத் தரேன்."

"வேண்டாங்க, அவன் குரலாவது இருக்கட்டும்" என்றார் மனைவி.