காலைக் குளிசையும் கட்டைச் சம்பலும்

நெஞ்செரிவுக்கு டொக்டர் தரும் குளிசையை விழுங்குவது ஒன்றும் கஷ்டமில்லை. அதற்குப் பின்னால் வருகிற அரை மணித்தியாலம்தான் கஷ்டம். வெறும் வயிற்றில் ஒமெப்ரசோல் 20 மில்லிகிராம் ஒன்று, அரை மணி கழித்துச் சாப்பாடு: துண்டில் ஒரே வரி. ஆனால் கடுகண்ணாவைக் குளிரில் கண் விழித்ததும் கையில் பிளேன்டீ இல்லாவிட்டால் எனக்கு நான் யார் என்பதே ஞாபகம் வராது. ஆகவே முதலில் பிளேன்டீ. பிறகு பாணும் கட்டைச் சம்பலும். அதற்கும் பிறகு, டொக்டர் மேலுள்ள மரியாதைக்காக, குளிசை.

"எப்ப போட்டா என்ன, போய்ச் சேர்றது ஒரே வயித்துக்குத்தானே?" என்பது என் கட்சி. இதற்குப் பதில் சொல்வதை வீட்டுக்காரி எப்போதோ கைவிட்டுவிட்டாள். மகள்தான் பொறுமையாக விளக்கினாள். இரைப்பைச் சுவரில் அமிலம் இறைக்கும் நுண்ணிய பம்புகள் உண்டாம். சாப்பாடு வந்ததும் அவை வேலை தொடங்குமாம். அந்த நேரத்தில் மருந்து இரத்தத்தில் தயாராக இருந்தால்தான் பம்பை அடைக்க முடியுமாம். "நீங்க செய்றது, ரயில் போனப்புறம் கேட்டை மூடுற வேல அப்பா!" ரயில்வே அரும்பொருட்சாலை உள்ள ஊரில் வளர்ந்த பிள்ளை, வேறெப்படிச் சொல்வாள்?

எரியாத நாளில் குளிசை எதற்கு என்பது என் இரண்டாவது கொள்கை. இரவு கொத்து ரொட்டி, படுத்ததும் தொண்டை வரை நெருப்பு, உடனே எழுந்து ஒன்றுக்கு இரண்டாய் விழுங்குவேன். எரிவு நிற்காது. "சாமான் சரியில்லை" என்று மருந்தின் மேல் தீர்ப்பெழுதுவேன். ஒமெப்ரசோல் ஏற்கெனவே சுரந்த அமிலத்தை அணைக்கும் மருந்தல்ல; அது முழுப் பலன் காட்டச் சில நாள் தொடர்ந்து போட வேண்டும். தொடர்ந்து போட்டால் எரிவு நிற்கும். எரிவு நின்றால் நானும் குளிசையை நிறுத்துவேன். நன்றாக வேலை செய்த குற்றத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்படுவது என் வீட்டில் மருந்து மட்டும்தான். நீண்ட நாள் போட்டதைத் திடீரென்று விட்டால், அமிலம் முன்னிலும் கூடுதலாகச் சுரந்து வந்து வட்டி கேட்கும்.

இதில் நான் தனியாள் இல்லை. வசதியான நாடுகளிலேயே நீண்டகால நோயாளர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் மருந்தை ஒழுங்காகப் போடுகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. மற்றப் பாதிக்கு ஒரு சங்கம் இருந்தால், பொருளாளர் பதவிக்கு நான் தகுதியானவன். பிஸ்கட் டின் நிறைய, பாதி தின்ற குளிசைக் கார்டுகள் சேர்த்து வைத்திருக்கிறேன்.

விலையிலும் எனக்கொரு ஞானம் உண்டு. மலிவான குளிசை என்றால் சந்தேகம், பளபளக்கும் பெட்டி என்றால் பக்தி. பேராதனை மருத்துவபீடத்துப் பேராசிரியர் செனக பிபிலே, வணிகப் பெயர்களை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் மலிவாக வாங்கலாம் என்று போராடி, 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனம் உருவாகக் காரணமானவர். இரண்டு பெட்டியிலும் அதே ஒமெப்ரசோல்தான். பக்கத்து ஊரில் பாடம் நடத்தியும் நான் தேறவில்லை.

சாப்பிட்டவுடன் படுக்காதீர்கள், கொஞ்சம் நடங்கள் என்றார் டொக்டர். இதை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறேன். கண்டிப் பாதை போட்ட கப்டன் டோசனுக்காக 1832இல் எழுப்பிய கோபுரம் வரை நடப்பேன். வழியில் வடை விற்கிறார்கள் என்பது டொக்டருக்குத் தெரியாது.

உங்களுக்கு எரிவு விடாமல் இருந்தால், விழுங்கும்போது அடைத்தால், காரணமின்றி மெலிந்தால், மலம் கறுப்பாகப் போனால் நேரே டொக்டரிடம் போங்கள். என்னிடம் யோசனை கேட்க வேண்டாம். குளிசை கேட்டும் வர வேண்டாம். டின்னில் உள்ளவற்றில் பெரும்பாலானவை காலாவதி.