கடைசி பெஞ்சும் கந்தக நெடியும்: உயர்நிலைப் பள்ளி மாணாக்கர் அறிவியல் பயில்கையில் எய்தும் இன்பம் – ஓர் ஆய்வு

எந்தச் சொற்றொடரின் வாலிலும் ‘ஓர் ஆய்வு’ என்று ஒட்டிவிட்டால் அது ஆய்வாகிவிடும் என்பது இத்துறையின் முதல் விதி. தொல்காப்பியத்தில் தொடங்க வேண்டும் என்பது இரண்டாம் விதி. மரபியலில் தொல்காப்பியர் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பகுத்து, உடம்பு, நாக்கு, மூக்கு, கண், செவி, மனம் என்று வரிசைப்படுத்துகிறார். அவர் காலத்தில் பிராக்டிகல் தேர்வு கிடையாது. இருந்தும் லேபில் கிடைக்கும் இன்பம் அத்தனையும் அதே வரிசையில் அடங்குவதைக் கண்டுபிடித்தவன் நான்தான் என்பதை மிகுந்த தன்னடக்கத்தோடு பதிவுசெய்கிறேன்.

முன்னாய்வுகளைப் போற்றுவது மரபு. நம் எம்.எட். ஆய்வேடுகள் மாணவர்களை ஆண்–பெண், நகரம்–கிராமம், அரசு–தனியார், தமிழ்வழி–ஆங்கிலவழி என்று பிரித்து, டி-மதிப்பு கண்டு, ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று முடிப்பவை. ஆய்வேட்டுக்கும் ஆய்வேட்டுக்கும் இடையிலும் அதே முடிவுதான். ஓஸ்லோ பல்கலைக்கழகத்திலிருந்து ஸ்வைன் ஷோபெர்க்கும் கமிலா ஷ்ரைனரும் நடத்திய ‘ரோஸ்’ ஆய்வு இதைவிடப் பெரிய சமையல். ஏறத்தாழ 40 நாடுகளில் 15 வயதுப் பிள்ளைகளிடம் 108 தலைப்புகளை நீட்டி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டங்களில் ஒன்றில் குறி போடச் சொன்னார்கள். இங்கிலாந்துப் பையன்கள் வெடிக்கும் வேதிப்பொருள்களை உச்சியில் வைத்தார்கள். பெண் பிள்ளைகளுக்குக் கனவு ஏன் வருகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. நாடு வளர வளரப் பிள்ளைகளுக்கு அறிவியல் மேலுள்ள ஆசை தேய்கிறது என்பதும் அந்த ஆய்வு சொன்ன செய்தி. எல்லாம் சரி. ஆனால் எச்.எம்.மைத் தலைகீழாகப் பார்ப்பது என்ற 109ஆவது தலைப்பு அந்தத் தாளில் இல்லை. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

உடம்பு: உடைந்த வெப்பமானியிலிருந்து நோட்டு அட்டைக்கு ஓடிவந்த பாதரசத் துளி. அதை விரலால் தொட்டு இரண்டாக்கி, மறுபடி ஒன்றாக்கிப் பாதிப் பீரியடை ஓட்டினோம். அதன் ஆவி நஞ்சு என்பதால் இன்று எந்த ஆசிரியரும் விடமாட்டார். விடக் கூடாது.

நாக்கு: பிப்பெட்டை வாயால் உறிஞ்சியவர்களுக்குச் சோடியம் ஹைட்ராக்சைடின் சுவை தெரியும். மற்றவர்களுக்குச் சொல்வதற்கில்லை.

மூக்கு: இங்கே சற்று நிற்க வேண்டும். கிப் உபகரணத்தில் ஃபெரஸ் சல்பைடை நீர்த்த அமிலம் தொடும்போது எழும் ஹைட்ரஜன் சல்பைடை ‘அழுகிய முட்டை நாற்றமுடையது’ என்று பாடநூல் வருணிக்கிறது. சைவ வீட்டுப் பையன்கள் அழுகிய முட்டையை எங்கே கண்டார்கள்? பின்னாளில் ஹாஸ்டலில் முட்டை அழுகியபோது, ‘டேய், கிப் வாசனைடா’ என்றார்கள். உவமானமும் உவமேயமும் இடம் மாறுவதை விபரீத உவமை என்ற அணியிலக்கண நூலார் இந்த நிகழ்வைக் கவனிக்கவில்லை.

இவ்வின்பத்துக்கு என் முதன்மைச் சான்று ஒரு மேசைக் கல்வெட்டு: ‘இஙக மொநது பாககாத’ (வேதியியல் லேப், தென்மேற்கு மேசை, அமிலம் பட்டு வெளுத்த வட்டத்துக்கு இரு விரற்கடை கீழே, காம்பஸ் முனையால் பொறித்தது, வரி 1). புள்ளி இல்லை, ஒகர ஓகார வேறுபாடும் இல்லை. பழஞ்சுவடிகளிலும் அப்படித்தான். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்பார்கள். தேக்கு மேசைக்கு அந்தச் சாக்கு செல்லாது. ஆக, பொறித்தவனுக்குப் புள்ளி வைக்கத் தெரியாது, அல்லது அதற்குள் மணி அடித்துவிட்டது.

‘இங்க மோந்து பாக்காத’ என்று படித்து, இடத்தைச் சுட்டும் எச்சரிக்கை என்பது ஒரு சாரார் கொள்கை. ‘இங்க் மோந்து பாக்காத’ என்பதே பாடம், இரண்டாம் வேற்றுமை உருபு தொக்கி நின்றது, ஆகவே இது பேனா மை பற்றியது என்பார் மறுசாரார். நான் இருவரையும் மறுக்கிறேன். ‘பாக்காத’ என்பது ஏவல் அன்று, எதிர்மறைப் பெயரெச்சம். அது கொண்டு முடியும் பெயர் மேசை விளிம்பு சிதைந்தபோது சிதைந்துவிட்டது. அது ஒரு பையனின் பெயராக இருக்க வேண்டும். வகுப்பே மோந்த அன்று மோந்து பார்க்காத ஒருவனுக்கு நடப்பட்ட நடுகல் இது. ஒற்றை வரியை வைத்து இவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு இங்கே துறைத்தலைவர் பதவியே கிடைத்திருக்கிறது. எனக்கு அந்த ஆசை இல்லை.

நாற்றத்தில் என்ன இன்பம் என்பது நியாயமான கேள்வி. கிப் திறந்த நாளில் எந்த நாற்றத்துக்கும் எவனும் பொறுப்பாளி அல்ல. பக்கத்து அறையில் நடக்கும் தமிழ் வகுப்பு வரை அந்தச் சலுகை நீளும். வாயுவின் செறிவு மிகுந்தால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நினைப்பவன்தான் உண்மையில் ஆபத்தில் இருக்கிறான். வேதியியல் சாருக்கு இது தெரியும். அதனால் ஜன்னலைத் திறந்துவிட்டு, ஜன்னலோரம் அவரே நின்றுகொள்வார்.

செவியை முந்திச் சொல்லிவிடுகிறேன், தொல்காப்பியர் பொறுத்தருள்வாராக: சோதனைக் குழாயின் வாயில் எரியும் குச்சியைக் காட்டினால் ஹைட்ரஜன் ‘பாப்’ என்னும். வகுப்பு ‘இன்னொரு தடவை சார்’ என்னும்.

கண்: குவிலென்சின் குவியத் தொலைவைத் தொலைப்பொருள் முறையில் காண்பது. ஜன்னலருகே லென்ஸைப் பிடித்து, வெளியே தெரியும் மரத்தின் பிம்பம் எதிரே வைத்த வெள்ளைத் திரையில் தெளிவாக விழும்வரை நகர்த்தி, இரண்டுக்கும் இடைத்தூரத்தை அளக்க வேண்டும். மரம் அசையாது. அதில் எவனுக்கும் சுவாரசியம் இல்லை. மைதானத்தில் எச்.எம். நடந்தார்.

ஐந்தரை அடி மனிதர் 34 மீட்டர் தூரத்தில் வர, 20 செ.மீ. லென்ஸ் அவரை ஒரு சென்டிமீட்டருக்குச் சுருக்கும்; ஒரு புளியங்கொட்டை அளவு. புளியங்கொட்டை வேட்டி கட்டி, வானத்தில் கால் பதித்து, பிரம்பைப் பின்னால் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாகப் போக வேண்டியதற்கு வலமிருந்து இடமாகப் போனது. பிம்பத்தின் தன்மை என்ற இடத்தில் பாடநூல் சொல்லும் விடை மெய், தலைகீழ், சிறியது. ஒருவன் எழுவாயையும் சேர்த்து முழு வாக்கியமாகவே எழுதிவிட்டான் (இயற்பியல் ரெக்கார்டு நோட்டு, பழுப்பு அட்டை, கையொப்பம் பெறாத படி, தாள் 11, பின்புறம்; பயம் பிடித்து அன்றே கிழிக்கப்பட்டு, ராக்கெட்டாக மடிக்கப்பட்டு, மூன்றாம் மின்விசிறியின் இறக்கை மேல் இறங்கியது; விசிறி ஓடாததால் இன்றும் அங்கேயே இருப்பதாகக் கருதப்படுகிறது).

ஆறாவதான மனத்தை இதிலிருந்து பிரிக்க முடியாததால் இங்கேயே சேர்த்துக்கொள்கிறேன். எட்டுத் தலைகள் ஒரு திரைமேல் கவிழ்ந்து கிடந்தபோது பின்னால் இயற்பியல் சார் வந்து நின்றதை யாரும் பார்க்கவில்லை. சிரிப்பு நின்றது. லென்ஸ் பிடித்தவன் கை நடுங்கியதில் எச்.எம். மங்கலானார். சார் ஒன்றும் பேசவில்லை. கையை நீட்டி லென்ஸை வாங்கி, அரை சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்துப் பிம்பத்தைத் தெளிவாக்கினார். எச்.எம். மைதானத்தைக் கடந்து போய்ச் சேரும்வரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார்.