மாமாவின் கைநடுக்கமும் நெகட்டிவ் ஸ்கேனரின் புள்ளிக்கணக்கும்: ஓர் ஆய்வு

நெகட்டிவ் ஸ்கேனரின் விலையை நிர்ணயிப்பது அட்டைப்பெட்டியில் அச்சிட்ட புள்ளிக்கணக்கு. அதன் பயனை நிர்ணயிப்பது, அன்று கேமராவைப் பிடித்திருந்த மாமாவின் கை. இதுவே இவ்வாய்வின் கருதுகோள். முந்தைய ஆய்வாளர்கள் (கடைக்காரர்கள், எல்லாம் தெரிந்த மைத்துனர்கள்) புள்ளியை மட்டும் ஆராய்ந்து மாமாவை விட்டுவிட்டனர்.

பூர்வபட்சம்: புள்ளி கூடினால் தெளிவு கூடும்.

மறுப்பு: எப்சன் வி600 ஸ்கேனர் அங்குலத்துக்கு 6,400 புள்ளி என்கிறது. சோதித்தவர்கள் கண்டதோ 1,500-ஐ ஒட்டிய அளவு. மிச்சமெல்லாம் கோப்பைப் பருக்கவைக்கும் காற்று. பிளஸ்டெக் 8100-இன் 7,200 புள்ளியும் ஏறத்தாழ பாதியில் வந்து நிற்கும்; ஆனாலும் 35 மி.மீ. பிலிமுக்கு அதுவே மேல். ஆனால் பரண் பெட்டியில் இருப்பது ஆக்ஃபா க்ளிக் 3 கேமராவில் எடுத்த படங்களா? அந்த 120 வகைப் பிலிம் பிளஸ்டெக்கில் நுழையவே நுழையாது. எப்சனுக்கோ அதுதான் யோகம்: அதே 1,500 புள்ளியில் 35 மி.மீ. சட்டகம் 30 லட்சம் பிக்சல் தரும். 120-இன் பெரிய சதுரம் ஒரு கோடியைத் தாண்டும். ஆகவே கடைக்குப் போகுமுன் பரணில் ஏறுவது ஆய்வுமுறையின் முதல் விதி.

இனி மாமா. க்ளிக் 3-இன் லென்ஸ் எளியது. பொத்தானை அழுத்தும்போது மாமா மூச்சை அடக்கியவரும் அல்லர். அந்த நடுக்கம் பிலிமிலேயே பதிந்துவிட்டது. அதை 6,400 புள்ளியில் எடுத்தால் கிடைப்பது மிகத் தெளிவான நடுக்கம்.

சில ஆயிரம் ரூபாய்க்கு வரும் சிறு பெட்டி ஸ்கேனர்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உள்ளே ஒரு குட்டி கேமரா, பின்னால் ஒரு விளக்கு. குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போதும்.

அகச்சிவப்பால் தூசி நீக்கும் வசதிக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். வண்ண பிலிமின் சாயம் அகச்சிவப்பை விட்டுவிடும், தூசி மறிக்கும். அந்த வேறுபாட்டில்தான் தூசி பிடிபடுகிறது. கறுப்பு வெள்ளையிலோ வெள்ளித் துகளும் மறிக்கும். எனவே இயந்திரம் தாத்தாவின் மீசையையே தூசி என்று துடைக்கப் பார்க்கும். கல்யாணப் படங்கள் கறுப்பு வெள்ளையானால் அந்தப் பணத்தில் ஒரு ரப்பர் ஊதி வாங்கலாம். மீதியில் மாமாவுக்கு ஒரு வேட்டியும் எடுக்கலாம்.

எந்த ஸ்கேனரானாலும் பிலிமைப் புரட்டி வைத்தால் இடம் வலமாகும். பளபளப்பில்லாத பக்கம்தான் ரசாயனப் பூச்சு என்பர். பழைய பிலிமில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவதுண்டு. இங்கு நாம் முன்வைப்பது முந்தானைச் சோதனை: முந்தானை பெரும்பாலும் இடத்தோளில் விழும், சட்டைப்பை இடமார்பில் இருக்கும். சேலையும் சட்டையும் இல்லாத கைக்குழந்தைப் படங்களில் இச்சோதனை செல்லாது. அங்கே பிலிம் விளிம்பிலுள்ள எழுத்து நேராகப் படிக்கவருகிறதா என்று பார்த்துக்கொள்க.