படுத்த சிலையின் கதை

கேள்வி: சிற்பி ஹென்றி மூர் செதுக்கிய பெண்கள் பெரும்பாலும் படுத்தே கிடக்கிறார்களே, எழுப்பிவிட அவருக்கு மனசே வரவில்லையா?

பதில்: எழுப்பினால் கணுக்கால் ஒடியுமே! நிற்கும் கல் உருவத்துக்கு அதுதான் பலவீனமான இடம் என்பது மூரின் வாதம். படுத்த உருவத்துக்கு அந்தப் பயமில்லை; சிற்பிக்கும் கூடுதல் சுதந்திரம்.

இன்னொரு காரணம் பாரிஸில் இருந்தது. 1920களில் அங்குள்ள ட்ரோகாடெரோ அருங்காட்சியகத்தில் மெக்சிகோவின் 'சாக்மூல்' சிலையைக் கண்டு சொக்கிப்போனார். மல்லாந்து, முழங்கால் மடக்கி, தலையை மட்டும் பக்கவாட்டில் திருப்பிய உருவம். அவர் பார்த்தது மூலக் கல்லை அல்ல, பிளாஸ்டர் நகலை! அந்தத் தாக்கத்தில் 1929இல் பழுப்பு ஹார்ன்டன் கல்லில் அவர் செதுக்கிய சாய்ந்த பெண், இன்று இங்கிலாந்தின் லீட்ஸ் கலைக்கூடத்தில் இருக்கிறாள். இனி எந்த அருங்காட்சியகத்திலும் 'பிளாஸ்டர்தானே' என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.