மாற்றலாகி வந்த சூரியன்

கேள்வி: சூரிய மின்சாரம் தேறுமா, வெறும் விளம்பரமா?

பதில்: அரசு ஊழியர்களைத் ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்’ என்று மிரட்டுவார்களே, அந்த ராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில்தான் 2016-இல் 648 மெகாவாட் நிலையம் வந்தது. அன்று உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. பலகைகளின் தூசியைத் துடைப்பவை ரோபோக்கள். மாற்றல் கேட்டு மனுப் போடாத ஊழியர்கள்!

2025 ஜனவரியில் நாட்டின் சூரிய மின்திறன் 1 லட்சம் மெகாவாட்டைத் தொட்டுவிட்டது. வெயிலுக்குப் பஞ்சமில்லை. சிக்கல் என்னவென்றால், சூரியன் ஆறு மணிக்கு டியூட்டி முடித்துக் கிளம்பிய பிறகுதான் நாம் விளக்கு, டிவி, ஏசி எல்லாவற்றையும் போடுகிறோம். ஆகவே பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமித்துவைக்கும் பேட்டரியின் விலையை இனி கவனியுங்கள். சொந்தக் கூரை இருந்தால், அதில் சூரியப் பலகை பொருத்த 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 ரூபாய். வாடகை வீடா? மொட்டை மாடி வெயில் யாருக்குச் சொந்தம் என்று முதலில் ஹவுஸ் ஓனரைக் கேளுங்கள்.