கொசுறு முக்கால்

ஏத்தா தாயி, மூக்கைச் சிந்துனது போதும். ஒம் புருசன் விடிய விடியப் போன்ல சுட்டுக்கிட்டுக் கிடக்கான்னு நீ அழுகுறது நியாயந்தான். ஆனா ‘ஃபோர்ட்நைட் வெளையாட்டால 200 குடும்பம் முறிஞ்சு போச்சு தாத்தா’ன்னு ஒரு பழைய சேதியைத் தூக்கிக்கிட்டு வந்தே பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வந்திருச்சு.

2018ல இங்கிலாந்துல கிளம்புன கதை அது. சொன்னது யாரு? கோர்ட்டும் இல்ல, சர்க்காரும் இல்ல. டைவர்ஸ் ஆன்லைன்னு, விவாகரத்துப் பத்திரம் தயார் பண்ணிக் குடுக்குற கம்பெனி. பாடை கட்டுறவன் ‘ஊருல காய்ச்சல் பரவுது’ன்னு தண்டோரா போட்டா, நாடியை நாமளே ஒருக்கப் பிடிச்சுப் பாக்கணுமா இல்லியா?

அவுக கைக்கு வந்தது 4,665 மனு. அதுல 200ல ஃபோர்ட்நைட்டும் அது மாதிரி வெளையாட்டுகளும் வருதாம், பல காரணத்துல ஒரு காரணமா. நூத்துக்கு நாலேகால் தேறும். அஞ்சுன்னுட்டாக. கொசுறு முக்கால்!

அங்க உள்ள சட்டத்தையும் கேளு. காத்துக் கிடக்காம உடனே பிரியணும்னா அப்பல்லாம் புருசன் மேலயோ பொஞ்சாதி மேலயோ குத்தம் எழுதியே ஆகணும். அது மாறுனது 2022 ஏப்ரல்லதான். குத்தம் எழுதுன்னு பேப்பரைக் குடுத்தா எந்த ஊருப் பொஞ்சாதி ஒண்ணோட நிறுத்துவா? குடி, கடன், மாமியா வாயி, அதோட வெளையாட்டும். இதே கம்பெனி 2009ல, அஞ்சுக்கு ஒரு மனுவுல ஃபேஸ்புக்குன்னு சொல்லுச்சு.

இப்ப என் கணக்கைக் கேளு. இங்கிலாந்து, வேல்ஸ் ரெண்டுலயும் 2017ல ஆண்-பெண் தம்பதிக விவாகரத்து 101,669. ஃபோர்ட்நைட் கொடிகட்டிப் பறந்த 2018ல 90,871. 1971க்குப் பெறகு அதுவரைக்கும் அம்புட்டுக் கொறஞ்சதே இல்ல. ஆகக்கூடி, அந்த வெளையாட்டு பத்தாயிரத்துச் சொச்சம் குடும்பத்தைச் சேத்து வச்சிருச்சு!

என்னாத்தா முழிக்கிறே? புளுகுதான். தேங்கிக் கிடந்த வழக்குகளை 2017ல முடிச்சதுல அந்த வருசக் கணக்கு கொஞ்சம் ஏறிப்போச்சுன்னு அந்த நாட்டுப் புள்ளிவிவர ஆபீசே சொல்லுது. ஆனா கம்பெனிக்காரன் பண்ணுன வேலையைத்தானே நானும் பண்ணேன்?

2012ல அமெரிக்காவுல பிரிகாம் யங் பல்கலைக்கழகத்துக்காரவுக, வெளையாட்டு தம்பதிகளை என்ன பண்ணுதுன்னு நெசமாவே ஆராஞ்சு பாத்தாக. எத்தனை மணி நேரம் வெளையாடுறான்ங்கிறதைவிட, படுக்குற நேரம் கெடுறதும், அதை வச்சு வர்ற சண்டையுந்தான் மனக்கசப்போட சேந்து நின்னுச்சாம்.

அதனால போனைப் பிடுங்காதே. பத்து மணிக்குப் படுக்கைன்னு சட்டம் போடு. மீறுனான்னா எங்கிட்ட வா. மனுவை நானே எழுதித் தாரேன், அந்தக் கம்பெனியைவிடக் காசு கம்மியா.