இயங்குதளமும் ஈரப்பதமும்

கைப்பேசியின் உறுப்புகளுக்கும் செயலிகளுக்கும் இடையே நின்று, மிராசுதாரின் காரியஸ்தரைப் போல இருதரப்புக் கணக்கையும் பார்த்துக்கொள்ளும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம் எனப்படுகிறது. கூகுளின் ஆண்ட்ராய்டு பல நிறுவனங்களின் கருவிகளில் குடியிருக்க, ஆப்பிளின் ஐஓஎஸ் ஐபோனை விட்டு இறங்குவதில்லை; 2017-இல் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு வந்த ஜியோபோனின் காய்ஓஎஸ், பொத்தான் கைப்பேசிக்கே இணையத்தைக் காட்டியும், கல்யாண வீட்டில் எடுத்துக்காட்டும் பெருமையைத் தரவில்லை.

குறுவை நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும் கும்பகோணத்துக் கடையில் இயங்குதளம் மாறத் துணியும் காவிரி டெல்டாவாசி, படங்களையும் எண்களையும் புதிய கருவிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றும், காசு கொடுத்து வாங்கிய செயலிகளைப் பெரும்பாலும் மறுபடி வாங்க நேரும் என்றும் கேட்டறிந்து, அப்படி எதையும் தாம் வாங்கியதே இல்லை என்பதால் நிம்மதியடைகிறார். ஐபோன் திருப்பெரும்புதூரிலேயே பொருத்தப்படுவதால் அது உள்ளூர்ச் சரக்கு என்ற வாதமும் எழுகிறது (விலை மட்டும் இன்னும் கடல்கடந்தே நிற்கிறது).

அந்தப் பணத்துக்கு வழிவிட வேண்டிய நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் ஈரப்பதமானியோ, நெல்லில் உள்ள நீரின் அளவைக் காட்டும் கருவியாதலால், 17 விழுக்காடு என்ற கொள்முதல் வரம்பைத் தாண்டிய மூட்டைக்கு உரியவர் எந்தக் கைப்பேசி வைத்திருக்கிறார் என்று விசாரிப்பதில்லை. அவ்வரம்பைத் தளர்த்த டெல்லியின் அனுமதி வரும்வரை, சாலையில் காயும் நெல்லைப் படமெடுக்க எந்த இயங்குதளத்தின் கேமராவும் போதும்.